தொடர்ச்சிப் பிழை

மைனஸ் இருபத்திரண்டில்
பிணங்களுக்கு மூச்சு தெரிந்தது.
முதல் நாள், முதல் ஷாட்டிலேயே தகராறு.
கெமியில் மூடிக்கிடக்கும் காகித ஆலையின்
கேட்டைத் தள்ளிக்கொண்டு நாற்பது ஜாம்பிகள் வருகிறார்கள்,
ஒவ்வொரு வாயிலும் கொதிக்கும் கெட்டிலைப் போல ஆவி.
"செத்தவன் எங்கேயாவது மூச்சு விடுவானா?"
தலையில் கைவைத்து
பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள் இயக்குநர் சைலா.

நாற்பது பேரும் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள்.
கேட் எந்தப் பக்கம் இழுத்தால் திறக்கும் என்று
ஒத்திகை இல்லாமலே தெரிந்திருந்தது.
கூலி: மதியம் சால்மன் சூப், கம்பு ரொட்டி,
படம் வந்தால் ஆளுக்கு இரண்டு டிக்கெட்.
ரத்தம்: லிங்கன்பெரி ஜாமில் உருளைக்கிழங்கு மாவு.
மர்யுக்கா ஒரு மணி நேரம் போட்ட கன்னத்துக் காயத்தை
அவருடைய நாயே நக்கித் தின்றுவிட்டது.

வழி சொன்னவர் பழைய ஃபோர்மன் வெய்யோ.
"வாயில் ஐஸ் போடு. வாய் குளிர்ந்தால் ஆவி வராது."
ஐஸுக்கு என்ன பஞ்சம்,
கடலே உறைந்து கிடந்தது.
அன்றிலிருந்து முதலில் "ஐஸ்!"
அப்புறம்தான் கேமரா, அப்புறம்தான் ஆக்‌ஷன்.
கன்னம் புடைக்க நின்றார்கள் நாற்பது பேர்,
வகுப்பில் மிட்டாயோடு பிடிபட்டவர்கள் மாதிரி.

என் வேலை தொடர்ச்சி பார்ப்பது.
இந்த ஷாட்டில் வெய்யோவுக்கு இடது காது இல்லையென்றால்
அடுத்ததிலும் இடது காதே இருக்கக் கூடாது.
நோட்டில் இன்னும் இருக்கிறது:
டூக்கா. மேல் பட்டன் திறந்து. தாடை சாம்பல். மூச்சு இல்லை.

கதையில் டூக்கா செத்துப்போன ஹாக்கி கோல்கீப்பர்.
ஈரிஸைக் கடிக்க வந்தவன்
அவள் வேதியியல் நோட்டைப் பார்த்து
சந்தேகம் கேட்க ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான் கதை.
நிஜத்தில் இருவருக்கும் ஆகாது,
ஏதோ பழைய மொபெட் விவகாரம்.

முத்தக் காட்சி துறைமுகத்தில்.
பகல் மொத்தமே மூன்றரை மணி நேரம்.
பதினோரு டேக் போயிற்று:
மூக்கு ஒழுகியது, சிரிப்பு வந்தது,
ஒரு முறை அவன் ஐஸ் அவள் பல்லில் இடித்து
'டிங்' என்றது. ஒலிப்பதிவாளர்
அதை மட்டும் தனியாகச் சேமித்துக்கொண்டான்.

பன்னிரண்டாவதில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
ஐஸ் எப்போது கரைந்ததோ,
இரண்டு முகங்களுக்கு நடுவில்
அவன் பக்கத்திலிருந்தும் ஒரு வெண்புகை எழுந்தது.
மெல்லிசாக.
நான் பார்த்தேன்.
கையைத் தூக்கியிருக்க வேண்டும்,
அதற்குத்தான் சம்பளம்.
செத்தவன் மூச்சு விட்டான்.
நான் மூச்சு விடவில்லை.

ஹெல்சிங்கியில் நள்ளிரவுக் காட்சி, ஒன்பது பேர்.
"ஜாம்பிக்கு மூச்சு வருகிறது, படத்துக்குத்தான் வரவில்லை"
என்று எழுதினார் ஒருவர். இரண்டு நட்சத்திரம்.
சைலா போன் செய்தாள்.
"நீ கவனிக்கவே இல்லையா?"
"இல்லை" என்றேன்.

கெமியில் பள்ளி ஜிம்மில் போட்டார்கள்.
மடக்கு நாற்காலிகள், உப்பு அதிமதுர மிட்டாய் வாசனை.
கேட் திறந்ததும் தொடங்கியது கைதட்டல்.
"அதோ எங்கப்பா!" "அய்யோ, குடலைப் பாரேன்!"
கணவர் தலை கோடாரியில் உருண்டபோது
ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தாள்.
சிரிக்க வேண்டும் என்று எழுதிய இடங்களில்
ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு துறைமுகம்.
புகை எழுந்தது.
மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிறுமி,
"அவன் உயிரோட இருக்கான்!"
யாரும் அவளை அதட்டவில்லை.
அடுத்த ஷாட் முந்தின வாரம் எடுத்தது.
அதில் அவனுக்கு மூச்சு இல்லை.
"போச்சு" என்றது ஒரு கனத்த குரல், இருட்டில்.

வெளியே மைனஸ் பதினெட்டு.
நாற்பது பேரும் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டியபடி
ஆவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.
வெய்யோ என்னிடம் வந்து நின்றார்.
"ஐஸ் கரைஞ்சுடுச்சு, இல்ல?"
தலையாட்டினேன்.
அவரும் ஆட்டினார்.
"ரெண்டாம் பாகம் எப்போ?
அந்த அறுந்த காதை நான் திருப்பிக் கொடுக்கல.
ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்கேன்."